ரோஜாத் தொட்டியில் எர்த்

ஆறு மணிக்கு அக்கா முதல்முறையாக வானொலியில் செய்தி வாசிக்கிறாள். நிலையம் வெகு தொலைவில். மத்தியானத்திலிருந்து எங்கள் பெட்டியில் வெறும் உறுமல்தான்.

"ஏரியல் கட்டியாச்சு, எர்த்தும் போட்டாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?" அப்பா பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எர்த் எங்கே என்று பார்க்கப் பால்கனிக்குப் போனேன். ரோஜாத் தொட்டியில் ஆளுயரச் செம்புக் கம்பி ஒன்று நின்றது. ஒரு சாண்தான் மண்ணுக்குள். மீதியில் அம்மா துண்டு காயப்போட்டிருந்தாள்.

"அப்பா, இது தொட்டி."

"மண்ணு இருக்குல்ல?"

"மண்ணு இருக்கு. அதுக்குக் கீழ சிமெண்டுத் தரை. நாம மாடியில இருக்கோம்பா. எர்த்துன்னா கம்பி நெசமான தரைக்குள்ள இறங்கணும்."

அப்பா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கீழ்வீட்ல போய் இடம் தருவாங்களான்னு நீயே கேளு."

கீழ்வீட்டு அத்தையிடம் எங்கள் வீட்டில் யாரும் வாய் கொடுப்பதில்லை. எனக்கோ பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லவே கூச்சம். ஆனால் எர்த் விஷயம் எனக்குத் தெரியும். கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினேன்.

"எங்கடி ஈட்டியோட? சண்டைக்கா?"

"இல்லத்தை. உங்க துவைக்கிற கல்லு ஓரத்துல இதை இறக்கணும். அங்கதான் மண்ணு எப்பவும் ஈரமா இருக்கு. இறக்கினாத்தான் அக்கா குரல் கேக்கும்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அட, உனக்குப் பேச வருமா! இரு, பெரிய சுத்தியல் எடுத்துட்டு வரேன்."

அப்பாவும் இறங்கி வந்து ஸ்டூலில் ஏறி அடித்தார். ஒரு சாண் மட்டும் வெளியே நிற்கும்வரை கம்பி இறங்கியது. அதன் தலையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பெட்டியிலிருந்து இறக்கிய ஒயரைக் கிளாம்பில் இறுக்கினேன். மிச்ச ஒயரைச் சுருட்டி வைக்கச் சொன்னார் அப்பா. வேண்டாமென்று வெட்டினேன். நேராக, குட்டையாக இருந்தால் போதும்.

மேலே வந்து பெட்டியைப் போட்டேன். உறுமல் இல்லை. அக்காதான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாங்குன கம்பியாச்சே," என்றார் அப்பா.

அம்மா பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டாள். "மூக்கடைச்சிருக்கு இவளுக்கு. தலை துவட்டாம ஓடியிருப்பா."

"ஆமாமா, சளியேதான்!" கீழிருந்து அத்தை கத்தினாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க!"