முப்பதடி தூரத்து "அப்பா"

'அப்பா' என்று ஒரு தடவை கூப்பிடுவதற்கு ஐநூறு ரூபாய் என்று பேசி முடித்திருந்தார்கள். சுரேந்தர் முந்நூறில்தான் ஆரம்பித்தான். மீனைக் கூறு போட்டு விற்கும் தனத்தின் மகளிடம் அதெல்லாம் நடக்குமா? தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் வந்துபோகிற பஸ் காசு தனி என்று சொல்லிவிட்டு இசைவாணி எழுந்து கதவு வரைக்கும் போனாள். கதவைத் திறப்பதற்குள் விலை ஏறிவிட்டது.

கீழவீதியில் பாத்திரக் கடை மாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் பழைய மெத்தையும் முட்டை அட்டையும். அங்கேதான் சுரேந்தர், காதால் மட்டும் கேட்கிற நாடகம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தான். பிச்சாவரத்துச் சுரபுன்னை வேர்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிற ஒரு சனம். பத்து வயதில் அவர்களைப் பார்த்துவிட்ட அல்லி, பதினேழு வயதில் அவர்களோடு பேரம் பேசத் துணிகிறாள். அல்லிக்குக் குரல் கொடுப்பவள் இசைவாணி. அவளுக்கும் பதினேழு, பிளஸ் டூ.

வேரடிச் சனத்துக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. சுரேந்தர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒருநாள், டீ குடித்தபடி இவள்தான் சொன்னாள். எங்கள் ஊரில் படகை நோக்கி நடக்கிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். சோத்து வாளியையே மறந்துவிட்டுப் போனாலும், ஓடி முன்னே போய் நின்று, முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்போம். சுரேந்தர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டான். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவன் வேரடிக்குச் சொந்தம். ஏழாவது பகுதியில் அல்லி தெரியாமல் தன் அப்பாவைக் கூப்பிட்டுவிடுகிறாள். சட்டத்துக்குத் தனியாக இருநூறு கேட்டிருக்கலாமே என்று இசைவாணிக்கு அப்போது தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

அறைக்குள் எத்தனை முறை கூப்பிட்டும் சரிப்படவில்லை. வெறும் தொண்டைதான் கேட்கிறது, கடல் கேட்கவில்லை, கரையில் நின்று போனில் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எடுத்தாள். படகுகள் எல்லாம் போன பிறகுதான் போனாள். அந்த அளவுக்கு விவரம் உண்டு. இன்ஜின் மக்கர் செய்து அப்பாவின் படகு மட்டும் நின்றுவிட்டதும், அவர் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்து நடந்ததும் அவளுக்குத் தெரியாது. கண்ணை மூடினால்தான் அவளுக்கு அல்லி வருவாள். மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

திறந்தபோது முப்பதடி தூரத்தில் அவள் அப்பா அய்யனார் திரும்பி நின்றார்.

"என்னாம்மா?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். அவர் கேனை மணலில் வைத்தார். இன்றைக்கு வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என நினைத்தாள். படகிலிருந்து கூட்டாளி கொளஞ்சி இன்ஜினை உறும விட்டார். அப்பா கேனை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் பஸ்ஸில் ஏறிய பிறகும் அவளை விடவில்லை.

பதினோரு மணிக்கு மாடியறையில் சுரேந்தர் பதிவைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஹெட்போனில் கேட்டான். இரண்டாம் முறையும் கேட்டான்.

"அந்த 'என்னாம்மா' இருக்கே வாணி, எவன் நடிச்சாலும் வராது. அதுக்குத் தனியா ஐநூறு தரேன்."

கேட்காமலே விலையை ஏற்றுகிற ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள். அப்போது போன் அடித்தது. அம்மா.

"ஒங்கப்பா இன்னும் வரலடி. எல்லாரும் கரையேறிட்டாங்க. கொளஞ்சி போனும் போவல. காலையில கரைக்குத்தான போன, பாத்தியா?"

"பாத்தேம்மா."

கூப்பிட்டதைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, அப்பாவின் படகு இன்னும் வரவில்லை என்று சொல்லி, பதிவை அழிக்கச் சொன்னாள். சுரேந்தர் சிரித்தான். பழைய இன்ஜின் நடுக்கடலில் நிற்பதற்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றான். நியாயம்தான். ஆனாலும் அவள் ஐந்து தாள்களையும் மேசையில் வைத்தாள்.

"பயமா? நான் எழுதுன கதை வாணி அது."

"கதை ஒங்களுதுண்ணா. சட்டம் எங்களுது."

அழித்தான். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கவைத்து, திரையில் குனிந்து பார்த்த பிறகுதான் படியிறங்கினாள்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது. அசல் அவள் போனிலேயே இருக்கிறது. விரலை வைத்தாள். அழிக்கவா என்று போன் கேட்டது. அப்பா போனில் பேசுகிற ஆளில்லை. பேசினாலும் 'ம்' தான். அவர் குரல் வேறெங்கும் அவளிடம் இல்லை. அழிக்காவிட்டால் அவர் அங்கேயே திரும்பியபடி நிற்பார். அழித்துவிட்டு, அவரும் வராவிட்டால்? சிப்காட் வந்தது, போனது. விரல் அங்கேயே இருந்தது.

கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். தனம் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலையில யாரோ பொண்ணு கத்துன சத்தம் கேட்டுச்சாம்டி."

பொய் சொல்ல எவ்வளவோ இடம் இருந்தது.

"நாந்தாம்மா கூப்ட்டேன். திரும்பிட்டாரு."

அடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. அம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. மீன் நறுக்கித் தழும்பேறிய கை.

"இப்ப வாயத் தொறக்காத. அவுரே வருவாரு. மூடிகினு நில்லு."

நின்றாள். வெயிலில் கடல் தகரம் மாதிரி மின்னியது. பக்கத்தில் யாரோ மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்கள். காலையில் போனது இருபத்துமூன்று படகு. வந்து மணலில் கிடப்பது இருபத்திரண்டு. சிதம்பரத்தில் அழிந்த பதிவு ஒன்று. வியர்த்த கையில், போனில், அழியாமல் ஒன்று.