காத்து போகாத பெட்டி

வன்னியபெருமாளுக்கு அன்று காலையிலேயே அலுப்பு. என்ன காரணம் என்று கேட்டால் எதைச் சொல்ல? முட்டி வலியைச் சொல்லவா, மூக்கில் ஏறிய பலகைத் தூளைச் சொல்லவா, நாளைக்கு வர வேண்டிய ஸ்ரீவராகத்துப் பெண் இன்றைக்கே காரை எடுக்க வருகிறேன் என்று போன் பண்ணியதைச் சொல்லவா? வேலை செய்கிறவனுக்கு ஒரு நாள் முன்னால் என்பது ஒரு நாள் குறைச்சல். இது காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு எங்கே புரிகிறது!

கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் போகிற ரோட்டில், ஒரு சந்து முக்கில் இருக்கிறது அந்த கார் ஆடியோ கடை. முதலாளி பிரவின்ராஜ், மார்த்தாண்டத்துக்காரன், சின்ன வயசு. ஒயரிங் வேலைக்குக் கைலாஷ், மலையாளி, கடைக்கு வந்து வந்து தமிழ் படித்துக்கொண்டவன். ஸ்பீக்கருக்குப் பலகையில் பெட்டி அடிப்பதும், அடித்த பெட்டியை டிக்கியில் ஏற்றி, சத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வண்டியை விடுவதும் வன்னியபெருமாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கதவு ஜன்னல் வேலைக்கென்று திருவனந்தபுரம் வந்தவர், எப்படியோ இந்தக் கடையில் ஒதுங்கிவிட்டார்.

அதிர்கிற சத்தத்துக்கென்று வைக்கிற ஊஃபர் பெட்டியில் இரண்டு ஜாதி உண்டு. ஓட்டை வைத்தது ஒன்று. அது தெருவையே எழுப்பும், காருக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும் என்ன பாட்டு என்று விளங்காது. இன்னொன்று எல்லாப் பக்கமும் அடைத்தது. அதில் மிருதங்கம் மிருதங்கமாகக் கேட்கும், தவில் தவிலாகக் கேட்கும். ஆனால் ஊசி நுழைகிற இடுக்கு இருந்தாலும் போச்சு. ஸ்பீக்கர் தள்ளுகிற காற்று அந்த இடுக்கு வழியாக ஸ்ஸ் என்று சீறும். அந்தச் சீறல்தான் வன்னியபெருமாளுக்குக் கேட்காது.

உடனே மனுஷனைச் செவிடு என்று சொல்லிவிடாதீர்கள். லாரி வருவது கேட்கும். ஆம்பிளைக் குரல் அட்சரம் பிசகாமல் கேட்கும். மெல்லிசாக வருகிறதெல்லாம்தான் போய்விட்டது. குக்கர் விசில், போன் மணி, கொசு, எல்லாம். ஒருநாள் அவர் மனைவி இசக்கிசெல்வி, "மூணு விசில் வந்தா அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தால் பருப்பு கரிந்து வீடு முழுக்கப் புகை. இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! தூங்கிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தார். தன் காது போய்விட்டது என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்? பெட்டியை எவன் வேண்டுமானாலும் அடித்துவிடலாம், ரெடிமேடாகவே லாரியில் வந்து இறங்குகிறது. அவரைக் கடையில் வைத்திருப்பது காதுக்காக. காது போச்சென்றால் ஆளும் போச்சு. இந்த முட்டியை வைத்துக்கொண்டு மறுபடி கட்டடம் கட்டடமாகப் போய் நிலைக்கதவு தூக்கவா முடியும்?

வழி காட்டியது ஆயுதபூஜைதான். அன்றைக்கு எல்லா மெஷினுக்கும் ஊதுபத்தி காட்டிக்கொண்டே வந்தவர், ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்கும் காட்டினார். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை, ஒரு மூலைக்கு வந்ததும் வெடுக்கென்று விலகி ஓடியது. அங்கே விரலை வைத்துப் பார்த்தார். காற்று. அட, காது செய்கிற வேலையைப் புகை செய்கிறதே!

அதிலிருந்து எந்தப் பெட்டியானாலும் கடைசியில் ஒரு பூஜை. ஸ்பீக்கரை ஓட விட்டு, ஊதுபத்தியைப் பெட்டியின் ஓரமெல்லாம் சுற்றிக் காட்டுவார். வாயில் ஏதோ முணுமுணுப்பு வேறு. புகை விலகுகிற இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக அடைத்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது பக்தி. "எங்க அண்ணாச்சி பூஜை பண்ணாம ஒரு பெட்டியும் வெளிய போவாது" என்று பிரவின்ராஜே பெருமையடிப்பான். மாதா படம் ஒட்டின வண்டிக்காரரும் கைகட்டி நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

மத்தியானம் சுப்ரியா வந்தாள். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துப் பெண், டெக்னோபார்க்கில் வேலை. தலை வாராமல், முகம் வீங்கிப்போய் இருந்தாள். பெட்டியை அப்போதுதான் டிக்கியில் ஏற்றி முடுக்கியிருந்தார்கள். வன்னியபெருமாள் வழக்கம்போல ஊதுபத்திப் பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி" என்று பதறிவிட்டாள் அவள். "எங்களுக்குத் தீட்டு. நேத்திக்குப் பெரியப்பா காலமாயிட்டார். பூஜையெல்லாம் பண்ணப்படாது."

"சும்மா ஒரு பத்திதானம்மா..."

"வேண்டாம், அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. தஞ்சாவூர்லேர்ந்து எல்லாரும் வரா, ஸ்டேஷனுக்குப் போக வண்டி வேணும், அதான் இன்னிக்கே வந்தேன். பாட்டும் போட வேண்டாம். சத்தம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுத்துடுங்கோ. திரும்பத் திரும்ப வர நேக்கு முடியாது."

"மரிச்ச வீட்டுக்குப் போற வண்டி. கீழ வைங்க அண்ணாச்சி பத்திய" என்றான் பிரவின்ராஜ்.

வைத்தார். வேறென்ன செய்வார்? சாவு வீட்டுக்காரப் பெண்ணிடம் போய், இது பூஜை இல்லம்மா என்று சொன்னால், பின்னே என்ன என்று முதலாளி கேட்பானே.

பாட்டில்லாமல் சோதிக்கக் கைலாஷ் போனில் ஒரு சத்தம் வைத்திருந்தான். எருமை முனகுகிற மாதிரி ஒரே சுதியில் வரும். அதைப் போட்டான். முனகல் வன்னியபெருமாளுக்கு நன்றாகவே கேட்டது, காலில்கூட அதிர்ந்தது. நல்ல இறுக்கமான சத்தம். இன்றைக்கு ஒரு நாள் காப்பாற்றிவிடு இசக்கியம்மா, என்று ஊர்ச் சாமியை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

சுப்ரியா தலையைச் சாய்த்தாள். "ஸ்ஸுன்னு ஒண்ணு சீறறதே. உங்களுக்குக் கேக்கலை?"

பிரவின்ராஜும் டிக்கிக்குள் குனிந்தான். "ஆமா. எங்கயோ காத்து போவுது அண்ணாச்சி."

"கேக்குது, கேக்குது" என்றார் வன்னியபெருமாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்தப் பெட்டியிலும் தகராறு வருவது இடது மூலையில்தான். பின்சீட்டுப் பக்கம் கையை விட்டு அந்த மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். அழுத்திக்கொண்டே நிமிர்ந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "இப்ப நின்னுட்டு, பாத்தியளா?"

பிரவின்ராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கைலாஷ்தான், "இல்ல அண்ணாச்சி, இப்பவும் உண்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் ஒயர் நுழைகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தான். சுப்ரியாவின் முகம் தெளிந்தது. பிரவின்ராஜ் தலையை ஆட்டினான். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் சீறல் நின்றுவிட்டது என்று வன்னியபெருமாள் தெரிந்துகொண்டார். அந்தக் கட்டை விரலை மூலையிலிருந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கைலாஷ் களிமண் மாதிரி இருக்கிற புட்டியை உருட்டி ஒயர் ஓட்டையை அடைத்தான். மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சரியாகிவிட்டது என்றார்கள். சுப்ரியா சாவியை வாங்கிக்கொண்டு, வன்னியபெருமாள் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல பெண்தான், நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் அண்ணாச்சி ஆரம்பிச்சது. முதல்லே விசில் கேக்காமப் போச்சு. இப்போ காதுலே மெஷின் வச்சுண்டிருக்கார். நீங்களும் சீக்கிரம் காட்டிடுங்கோ."

துக்கத்தில் இருக்கிறவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். வேறு ஒரு வார்த்தையும் இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரவின்ராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாத்தான் தம்பி."

"அப்ப அந்த ஊதுபத்தி?"

"அதுக்குத்தான்."

பிரவின்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைலாஷும் சிரித்தான். வன்னியபெருமாளும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்பாடா, சிரித்துவிட்டார்கள், இனி ஒன்றுமில்லை என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகியது. இத்தனை நாள் சுமந்ததை யாரோ வந்து கீழே இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு பிரவின்ராஜ் எழுந்தான். பக்கத்தில் வந்து, அவர் காதோரம் குனிந்து, சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

"நாளைல இருந்து சத்தம் பாக்குறது கைலாஷ்! நீங்க பெட்டி மட்டும் அடிச்சாப் போதும்! கேட்டோ?"

இந்த ஊரில் எல்லோரும் எல்லாப் பேச்சுக்கும் வாலாக ஒரு கேட்டோ போடுவார்கள். போறேன் கேட்டோ, மழை வருது கேட்டோ. அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. இன்றைக்குப் பிரவின்ராஜ் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றான்.

"கத்தாத தம்பி. நீ பேசுறது எனக்கு நல்லாக் கேக்கும்" என்றார் வன்னியபெருமாள்.

"சரி சரி!" என்று அதையும் கத்தினான் பிரவின்ராஜ். எதிர்த்த பங்ச்சர் கடைக்காரன் எட்டிப் பார்த்து, தன் காதைத் தொட்டு, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டான்.

வன்னியபெருமாள் திரும்பி நின்று, அடுத்த பெட்டிக்கான பலகையை எடுத்து உப்புத்தாள் போட ஆரம்பித்தார். வேலை செய்தால் சரியாகிவிடும் என்று பார்த்தார். சரியாகவில்லை. கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

பின்னால் பிரவின்ராஜ் கைலாஷிடம் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஓணம் கழியட்டும். அது கழிஞ்சா ரெடிமேட் பெட்டியே எறக்கிருவோம். பெட்டி அடிக்கதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு? உடனே போகச் சொன்னா பாவம்."

"மெல்லப் பேசுங்க சேட்டா. அண்ணாச்சிக்குக் கேக்கும்."

"எங்க கேக்க! அந்தச் சீறல் கேக்காத மனுசனுக்கு இதா கேக்கப்போவுது?"

ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது. எருமை முனகல் கேட்ட மாதிரி, லாரி கேட்கிற மாதிரி, தெள்ளத் தெளிவாகக் கேட்டது. கழுத்து திரும்பப் பார்த்தது. திரும்பி, கேட்டுட்டுத்தான்டா இருக்கேன் என்று ஒரு சத்தம் போட்டால் என்ன? போட்டால், ஓணத்துக்குப் பிறகு சொல்ல வேண்டியதை அவன் இப்போதே சொல்லிவிடுவான். ஓணம் வரையிலாவது ஓட வேண்டாமா? வன்னியபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். பலகைத் தூள் கண்ணில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், கண் கலங்கியதற்கு.

பிரவின்ராஜ் வந்து அவர் தோளைத் தட்டினான்.

"அண்ணாச்சி! சாயா சொல்லட்டுமா?"

அவர் உடனே திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் திரும்பி, அவன் வாயைப் பார்த்தார்.

"என்ன தம்பி? கூப்பிட்டியா?"