ஒரு முழம் முன்னால்

தண்ணீரில் இறங்கினால் என் இடது கை திரும்பி வந்துவிடும். இதை வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் என் வீட்டுக்காரர் மிக்கேல் நேரே டாக்டரிடம் கூட்டிப்போவார்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் டப்பா மூடி அடிக்கும் பிரஸ்ஸில் அப்போது எனக்கு வேலை. இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். எண்ணிக்கை ஏறட்டும் என்று எல்லோரும் இடது பட்டனில் ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவோம். சும்மா இருக்கும் இடது கை மூடியை எடுத்துக்கொள்ளும். என் கைக்கு எப்போதுமே அவசரம். ஒரு நாள் பிரஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போதே நுழைந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே ஒரு முழம் போயிற்று.

முப்பத்தாறு வயதில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா நீச்சலுக்கு வந்தேன். முதல் நாள் குளத்தில் நான்கு வீச்சு போட்டதும் கை வந்துவிட்டது. ஐந்து விரலும் விரிந்து தண்ணீரை அளைந்தன. கல்யாண மோதிரம் இறுக்குவதுகூடத் தெரிந்தது. அந்த அரைமணி நேரத்துக்காகவே மூலக்குளத்திலிருந்து விடியலில் பஸ் ஏறுவேன்.

போன வருஷத் தேர்வுப் போட்டியில் ஐம்பது மீட்டர். எல்லோருக்கும் முன்னால் வந்தேன். இடது விரல்களில் சுவர் சில்லென்று பட்டது. முடிந்தது என்று நின்று சிரித்தேன். சுவரோ இன்னும் ஒரு முழம் தள்ளி இருந்தது. பின்னால் வந்த இருவர் தொட்டுவிட்டார்கள். நேஷனலுக்கு இரண்டே இடம்.

ஏன் நின்றாய் என்று பயிற்சியாளர் கமருஸ்ஸமான் சார் கேட்டபோது சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கையை மறந்துவிட்டு நீந்தச் சொன்னார்.

மறந்து நீந்தினேன். கை வரவில்லை, வேகம் கூடியது. ஆனால் குளத்தைவிட்டு ஏறும்போதெல்லாம் அழுகை வந்தது. ஒரு தடவை பறிகொடுத்தது போதாதா?

இந்த வருஷத் தேர்வில் பாதி தூரத்தில் அது தானாகவே வந்துவிட்டது. துரத்த எனக்கு மனம் வரவில்லை. கீழே வெயில் நெளிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் மாறி மாறி, கோயில் மணி மாதிரி நிதானமாக. போட்டி என்பதே மறந்துபோயிற்று. பிறகு இடது விரல்களில் சுவர் சில்லென்றது. உடம்பு முழுதும் நிற்கத் துடித்தது. நீ இரு, நான் வந்துட்டேன் என்று அதனிடம் சொல்லிவிட்டு வலது கையை ஒரு வீச்சு வீசினேன். சுவர் உள்ளங்கையில் மோதியது.

இரண்டாவது இடம்.

சார் துண்டை நீட்டிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார். "இன்னக்கி வந்துச்சாம்மா அது?"

"எனக்கு முன்னாடியே வந்துடுச்சு சார்" என்றேன்.