ஐயப்பன் பரிசீலனையில் இருந்த பதினோரு ஆண்டுகள்

ஐயப்பன் தேன் எடுக்கக் கயிற்றில் இறங்கியது இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் ஆண்டு மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அவன் மறுபடி தரையைத் தொட்டது பதினோரு ஆண்டும் மூன்று மாதமும் கழித்து. இடைப்பட்ட காலம் முழுக்க அவன் தாண்டிக்குடிக்குக் கீழே ஈத்தம்பாறையின் நடுவில், மேல்விளிம்புக்கு நாற்பது அடி கீழே தொங்கிக்கொண்டிருந்தான். முதல் நாள் சாயங்காலமே அவனுடைய மலைக் குடியிருப்பின் ஆட்கள் கூடி இழுத்தார்கள். கயிறு வந்தது, ஐயப்பன் வரவில்லை. நாற்பது அடி இருக்கவேண்டிய கயிறு இருநூறு அடி வந்து பாறை மேல் சுருள் சுருளாகக் கிடந்தது. மறுநாள் கொடைக்கானலிலிருந்து வந்த தீயணைப்பு வண்டிக்காரர்கள் இன்னும் முந்நூறு அடி இழுத்துப் போட்டுவிட்டு, காபி குடித்து, ஆள் நலமாக இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அது பொய்யும் இல்லை. இறங்கும்போது அவனுக்கு இருபத்தேழு வயது. கடைசி வரைக்கும் இருபத்தேழுதான். பசி அவ்வளவாக இல்லை. பேச்சு மட்டும் வழக்கம்போல இருந்தது.

காரணம் அவனுடைய அக்கா நாச்சியம்மாளுக்கு நாலாம் நாளே தெரிந்துபோயிற்று. அந்தக் குடியிருப்பில் முதன்முதலாக ஆசிரியர் பயிற்சி முடித்தவள் அவள். குடியிருப்புப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தில்லிப் பாடநூல் குழுவும் சென்னைப் பாடநூல் குழுவும் கைகோத்து மூன்றாம் வகுப்புக்கு ஒரு புத்தகம் போடுவதாக அந்த ஆண்டு முடிவாகியிருந்தது. பொதுப் பாடங்களைத் தில்லி தரும், வட்டாரப் பாடங்களை மாநிலம் தரும், இரண்டும் ஒன்றை ஒன்று சரிபார்க்கும். பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடு. பாடம் எழுதும் முகாமை மே மாதத்தில் கொடைக்கானலில் வைத்தார்கள். இந்த மாதிரி வேலைகளுக்கு மே மாதமும் கொடைக்கானலும்தான் எப்போதும் தோதுப்படும். மலைப் பிள்ளைகளுக்கான பாடம் எழுத நாச்சியம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் இன்று நடப்பதை அப்படியே எழுதுங்கள் என்றார்கள். அன்று அவள் தம்பி பாறையில் இறங்கும் நாள். அதையே எழுதினாள்: ஐயப்பன் மாமா விடிவதற்குள் எழுந்தார், காட்டுக்கொடியைத் திரித்த கயிற்றை மரத்தில் கட்டினார், மச்சினன் பழனிவேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார், மாமா பாதிப் பாறையில் தொங்கினார். அதோடு பேனாவை மூடிவிட்டாள். கயிற்றில் ஆள் இருக்கும்போது அவன் மேலே வந்துவிட்டான் என்று அந்தக் குடியிருப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டியிடம் கேட்டால்கூடப் போயிருக்கிறார் என்பாளே தவிர வருவார் என்று சொல்ல மாட்டாள். முந்திச் சொல்வது கயிற்றை அறுப்பதற்குச் சமம். மிச்சம் ஒரே ஒரு வரி, அதை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆனால் மதுரை விமான நிலையத்துக்குத் தாள்களைக் கொண்டுபோகும் வேன் அன்று மத்தியானமே கிளம்பியது. சென்னைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் சேனாதிபதி, பழனிக்காரர், பையோடு வந்து நின்றார்.

“சார், இன்னும் ஒரு வரி கெடக்கு சார்.”

“அதெல்லாம் பைனல்ல பாத்துக்கலாம் டீச்சர். வண்டி நிக்குது, வெரசா குடுங்க.”

கொடுத்துவிட்டாள். அந்த இடத்தில் குடியிருப்பில் யார் இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள்தான் தன்னைச் சொல்லிக்கொண்டாள், பதினோரு ஆண்டும்.

பாடம் பரிசீலனையில் இருப்பதாக முதல் கடிதம் வந்தது. பரிசீலனையில் இருக்கும் பாடத்தில் தில்லியின் சம்மதம் இல்லாமல் சென்னையும், சென்னையின் சம்மதம் இல்லாமல் தில்லியும் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் என்ன நடக்கும் என்பது போகப் போகத் தெரிந்தது. மாமா காதில் செருகியிருந்த பீடியை இரண்டு குழுவும் ஒருமனதாக நீக்கிய அன்று, ஐயப்பன் காதைத் தடவித் தடவிப் பார்த்தான். இரண்டாம் ஆண்டு தில்லியின் பாதுகாப்பு வல்லுநர் படத்தில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைச் சேர்த்தார். மறுநாள் அது அவன் தலையில் இருந்தது. கழற்றிப் பள்ளத்தில் போட்டான். காலையில் மறுபடி தலையில் இருந்தது. நாலாம் ஆண்டு, பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று தேனீக்களை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஈத்தம்பாறையில் தேனீ ஒரு கூடுகூட வைக்கவில்லை. ஏழு குடும்பம் தேனை விட்டுவிட்டுக் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போயிற்று.

ஆகப் புத்தகம் சொன்னால் நடக்கும் என்பது நாச்சியம்மாளுக்குத் தெளிவாகிவிட்டது. ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு அவள் பதினேழு கடிதம் எழுதினாள். வட்டாரப் பாடம் மாநிலத்தின் உரிமை, அவர்களைக் கேளுங்கள் என்று தில்லி எழுதியது. கூட்டு நூல் என்பதால் தில்லி இசைய வேண்டும் என்று சென்னை எழுதியது. ஐந்தாம் ஆண்டில் ஒரு நல்ல மனிதர் தில்லியிலிருந்து, சேர்க்கவேண்டிய வரி எது என்று குறிப்பிட்டால் உடனே ஆவன செய்வதாக எழுதிக் கேட்டார். நாச்சியம்மாள் அந்தக் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். தம்பி கயிற்றில் இருக்கிறான். எப்படி எழுதுவாள்? அந்த வரியை இப்போது எழுதக் கூடாது, எழுதாமலே அனுமதி தரவும் என்று பதில் போட்டாள். படித்தவர்கள் குழம்பிப்போய்க் கோப்பை மூடிவிட்டார்கள். சேனாதிபதியை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்குப் பின் வந்த ஐந்து பேருக்கும் அது நாற்பத்திரண்டாம் எண் பாடம், அவ்வளவுதான். இடையே புதிய கல்விக் கொள்கை ஒன்று வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்தச் சமயத்திலேயே கொள்ளைநோயும் வந்து இரண்டு மே மாதம் கூட்டமே இல்லாமல் போயிற்று.

பாறை மேல் வாழ்க்கை அதுபாட்டுக்கு நடந்தது. கயிற்றைப் பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும், தன் அக்காவை முண்டச்சியாக்க எவனும் துணிய மாட்டான் என்பது அங்கே கணக்கு. ஆகவே ஐயப்பனின் பெண்டாட்டி பூங்கொடியின் தம்பி பழனிவேல் கயிற்றை விடவில்லை. இருபத்திரண்டு வயதில் பிடித்தவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கயிற்றின் பக்கத்திலேயே தூங்கினான், மழைக்கு ஒரு தகரம் போட்டுக்கொண்டான். பூங்கொடி பேத்துப்பாறைப் பக்கம் கேரட் பிடுங்கப் போய்விட்டு வந்து, கூடையில் சோறு வைத்துப் புருஷனுக்கு இறக்குவாள். கூடை மட்டும் ஒழுங்காகப் போய் வந்தது. சீசனில் சுற்றுலாக்காரர்கள் ஜீப் பிடித்து வந்து பைனாகுலரில் பார்த்தார்கள். ஒருவர் அங்கேயே மக்காச்சோளம் சுட்டு விற்றார். பள்ளிக்கூடம் விட்டு நாச்சியம்மாள் விளிம்புக்கு வந்து குனிவாள்.

“அக்கா, கடுதாசி வந்துச்சா?”

“வந்துச்சுய்யா. பாக்குறோம்னு போட்டிருக்காங்க.”

“பாக்கட்டும், பாக்கட்டும். இங்க இருந்து பழனி மலை வெள்ளனே நல்லாத் தெரியுதுக்கா.”

அவன் அவளைத் தேற்றத்தான் அப்படிப் பேசினான். அது அவளுக்கும் தெரியும்.

பதினோராம் ஆண்டு மே மாதம் இரு குழுவும் கொடைக்கானலில் நேருக்கு நேர் உட்கார்ந்தன. சேனாதிபதி ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கையில் பழைய பதவிக்கே திரும்பியிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நாச்சியம்மாளைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவள் சொல்ல முடியாததை அவரே சபையில் சொன்னார். வெளியூர்க்காரர் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை. “மாமா தேனோடு மேலே வந்தார்” என்று போடலாம் என்றார். தில்லியின் பாதுகாப்பு வல்லுநர் கண்ணியமான பெண்மணி, பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். அப்படி முடித்தால் பிள்ளைகள் பாறையில் இறங்கிப் பார்ப்பார்கள் என்று அவர் கவலைப்பட்டார். கயிறு அறுந்தது, ஆகவே ஆபத்தான தொழிலைத் தவிர்ப்போம் என்று முடிக்கச் சொன்னார். நாச்சியம்மாள் எழுந்துவிட்டாள். “அம்மா, அவன் என் கூடப்பெறந்தவன்மா” என்று மட்டும் சொன்னாள். அதை மொழிபெயர்த்தார்கள். பெண்மணி எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். மூன்று நாள் பேச்சு நடந்தது. கடைசியில் இரு தரப்பும் ஏற்கும்படி வழி பிறந்தது. இந்தக் காலத்தில் பாடம் முடிவு சொல்லக் கூடாது, பிள்ளைகளே சிந்திக்க வேண்டும். “மாமா மேலே வந்தாரா? வகுப்பில் கலந்துரையாடுக” என்று முடித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சேனாதிபதி மட்டும் தட்டவில்லை.

ஜூனில் புத்தகம் வந்தது. தமிழில் மட்டுமல்ல, தில்லி வழியாக இன்னும் ஆறு மொழிகளில். பள்ளிகளில் பிள்ளைகள் கலந்துரையாடத் தொடங்கினார்கள். வந்தார் என்று ஒரு வகுப்பு சொன்னால் ஐயப்பன் ஒரு விரற்கடை ஏறினான். விழுந்துவிட்டார் என்று ஒரு வகுப்பு சொன்னால் அதே அளவு சறுக்கினான். நாச்சியம்மாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிள்ளைகள் இரக்கமுள்ளவர்கள். எந்த ஊர், என்ன மொழி, யார் பெற்ற பிள்ளைகளோ, பெரும்பாலும் வந்தார் என்றே சொன்னார்கள். ஜூலை பாதியில் மஞ்சள் ஹெல்மெட் கிட்டத்தில் தெரிந்தது. பூங்கொடி பதினோரு ஆண்டுக்குப் பிறகு புருஷன் முகத்தில் இருந்த தழும்பைப் பார்த்தாள். விளிம்புக்கு ஒரு முழம் இருக்கையில் ஏற்றம் நின்றது. எல்லாப் பள்ளியிலும் அந்தப் பாடம் முடிந்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு முழம்தானே என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். கைகள் தொட்டன, ஆள் அசையவில்லை.

ரோடு சரிந்ததால் புத்தகம் கடைசியாக வந்துசேர்ந்தது நாச்சியம்மாளின் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஆகஸ்டு மாதம், மூன்றாம் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். பாடத்தை வாசிக்கச் சொன்னாள். கேள்வி வந்ததும் வகுப்பு அடங்கிப்போனது. பதினான்கு பேரும் குடியிருப்புப் பிள்ளைகள். கயிற்றில் ஆள் இருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

“சொல்லுங்கடா. மாமா மேல வந்தாரா?”

வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்களே, நீங்களும் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். முன் பெஞ்சில் இருந்த சுபஸ்ரீ வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நாச்சியம்மாள் மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. பதினோரு ஆண்டுக்கு முன் பேனாவை மூடியவள் யாரைக் கோபித்துக்கொள்வாள்? நாலாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அவளே சொன்னாள்.

“வந்துட்டான். என் தம்பி மேல வந்துட்டான்.”

சொன்னபின் நெஞ்சு லேசானது. கரும்பலகையில் கணக்கு எழுதிப்போட்டாள். பிள்ளைகள் பாதிக் கணக்கில் இருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. பழனிவேல் நின்றிருந்தான். பாறையை விட்டு அவன் கீழே இறங்கியது அதுவே முதல் தடவை. இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. எதையோ பிடித்திருப்பதுபோல் விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

“மதினி, நான் விடல” என்றான். “சத்தியமா நான் விடல.”

கயிறு அறுந்த இடம் கத்தி வைத்ததுபோல் நேராக இருந்தது. பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். அவனுக்கு இருபத்தேழு வயது, பூங்கொடிக்கு முப்பத்தாறு. பாதி நரைத்துவிட்டவளைப் பார்த்து, துக்கத்துக்கு வந்த தோட்டத்து ஆட்கள் தாயார் என்று நினைத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்து முடியாமல் அப்படியே புதைத்தார்கள். நாச்சியம்மாள் அழவில்லை. கொன்றவள் எப்படி அழுவது என்று பூங்கொடியிடம் கேட்டாள். பூங்கொடி அவள் தலையைத் தன் மடியில் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

புத்தகத்தை ஐந்து ஆண்டுக்கு மாற்றுவதில்லை என்று இரு குழுவும் இசைந்திருக்கின்றன. அடுத்த ஜூனில் பள்ளிகள் திறந்து, மலைக்கு அப்பால் எங்கெங்கோ பிள்ளைகள் மாமா வந்துவிட்டார் என்று சொல்லச் சொல்ல, புதைத்த இடத்தில் மண் நாளுக்கு ஒரு விரற்கடை உயர்ந்தது. பூங்கொடி வேலை முடிந்து வந்து மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி மட்டம் செய்தாள். காலையில் மறுபடி உயர்ந்திருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு நாத்தனாரிடம் கேட்டாள்.

“மதினி, இந்தப் பாடம் எதுவரைக்கும் நடத்துவாங்க?”

“ஜூலை பாதி வரைக்கும்.”

அதுவரைக்கும் தட்டினாள்.