செத்த சோடிக்கு நூற்றொன்பது

மலாயாவில் ரயில்வே கந்தோரில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்துவிட்டுப் பென்சனோடு சுன்னாகத்துக்குத் திரும்பிய கனகலிங்கம், குதிரைப் பந்தயத்தில் ஒரு சதமும் கட்டியறியாதவர். அவருக்குப் பிடித்தது அங்கத்தைய பத்திரிகையில் குதிரைகளுக்குப் போடும் புள்ளிதான். அந்தப் புள்ளி இருந்தால் இந்த வருடத்துக் குதிரையையும் இருபது வருடத்துக்கு முன் செத்த குதிரையையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடலாம்.

ஊரில் குதிரை இல்லை. வண்டிற் சவாரி என்ற மாட்டுவண்டிப் பந்தயம் இருந்தது. ஆகவே 1938இல் கனகலிங்கம் பழைய ஆட்களிடம் விசாரித்து, ஒரு கொப்பியில் சவாரி மாடுகளுக்குப் புள்ளி போடத் தொடங்கினார். ஒரு வண்டில் நீளத்துக்கு மூன்று புள்ளி. கந்தரோடைச் சீவரத்தினத்தின் சோடி நான்கு வருடம் தோற்காமல் ஓடியது, அதற்கு நூறு. 1922இல் அதை மூன்று வண்டில் நீளத்தால் வென்றது தம்பிராசாவின் சோடி, அதற்கு நூற்றொன்பது. அந்தச் சோடி கிழடு தட்டிய காலத்தில் செல்வநாயகத்தின் பழைய சோடியோடு ஓடியது. அந்தப் பழைய சோடியோடு செல்வநாயகத்தின் இப்போதைய மயிலைச் சோடி ஓடியது. வயதுக்குக் கழித்து, கூட்டி, மயிலைச் சோடிக்கு நூற்றெட்டு வந்தது. பட்டியலை வாசிகசாலைச் சுவரில் ஒட்டினார்.

செல்வநாயகம் அன்று பின்னேரமே வந்தார். மூன்று வருடமாக அவரை வெல்ல வலிகாமத்தில் ஆளில்லை.

“தம்பிராசா அண்ணையும் செத்துப்போனார், மாடும் செத்துப்போச்சு. செத்ததுக்கு என்னெண்டு என்ரை சோடியைவிட ஒரு புள்ளி கூட வரும்?”

“கணக்கிலை வந்தது,” என்றார் கனகலிங்கம்.

மறுநாள் காலை தம்பிராசாவின் மனைவி ஞானாம்பிகை வந்தாள். சவாரித் திடலை வாழ்நாளில் மிதித்தறியாதவள். புருசன் பெயர் மேலே நிற்பதில் சந்தோசப்பட வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கனகலிங்கம் கதிரையை இழுத்துப்போட்டார்.

“அந்த நூற்றொன்பதை அழியுங்கோ, அண்ணை,” என்றாள் அவள். “இவர் வெண்ட அண்டைக்குச் சீவரத்தினத்தாற்றை மாடு ஒண்டுக்குக் குளம்பு வெடிச்சுக் கிடந்தது. இவர் காலமை போய்ப் பாத்திட்டு வந்து எனக்குச் சொன்னவர். சவாரியைத் தள்ளிவைப்பம் எண்டு கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. சாகேக்கையும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர்.”

வெடித்த குளம்புக்கு எத்தனை புள்ளி என்று மலாயாப் பத்திரிகை எதுவும் சொல்லியிருக்கவில்லை. கனகலிங்கம் மூன்று நாள் யோசித்து ஒன்பது என்று முடிவு செய்தார்.

செய்தி கேட்டுச் செல்வநாயகம் சிரித்த முகத்தோடு வந்தார். “அப்ப இனி நான் முதலாவது.”

“இல்லை, மூண்டாவது. தொண்ணூற்றொன்பது.”

“என்ரை மாடு என்ன பிழை செய்தது?”

“ஒண்டும் செய்யேல்லை. உங்கடை எண் தம்பிராசாவின்ரை எண்ணிலை தொங்குது. அது நூறுக்கு இறங்க இதுவும் இறங்கும். சீவரத்தினத்தின்ரை நூறு அப்பிடியே நிக்குது.”

“தம்பிராசா அண்ணை அப்பிடிப்பட்ட மனுசன் இல்லை,” என்றார் செல்வநாயகம். “செத்த ஆளிலை வீணாப் பழி போடக்கூடாது. சீவரத்தினத்தையே கேப்பம்.”

இருவரும் சைக்கிளில் கந்தரோடைக்குப் போனார்கள். சீவரத்தினம் புகையிலைத் தோட்டத்தில் நின்றார். சொன்னதைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார்.

“ஓம், வெடிச்சுத்தான் கிடந்தது. தம்பிராசா வந்து குளம்பைப் பாத்தான், பிறகு என்ரை முகத்தைப் பாத்தான். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. சனம் வந்து நிறைஞ்சு நிண்டது. மாட்டை வண்டிலிலை பூட்டினது நான். அவன் இல்லை.”

செல்வநாயகம் புள்ளியைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

“அந்த மாட்டின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் அடுத்த கிழமையே கொடிகாமத்துக் கரத்தைக்காரன் ஒருத்தனுக்குக் குடுத்திட்டன். பிறகு சவாரிக்கும் போகேல்லை,” என்றார் சீவரத்தினம். “அது பிறகு என்னாச்சு எண்டு உங்கடை கொப்பியிலை இருக்கோ?”

“இல்லை,” என்றார் கனகலிங்கம். கொப்பியில் இல்லாத ஒன்றைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை. அது அவரை உறுத்தியது.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கொடிகாமம் போனார். சந்தையில் நாலைந்து பேரிடம் விசாரித்து, சூசைதாசன் என்ற கரத்தைக்காரரைக் கண்டுபிடித்தார்.

“அந்தச் சிவலை மாடோ?” என்றார் சூசைதாசன். “குளம்பு ஒரு மாதத்திலை மாறிச் சுகமாப்போச்சு. ஒன்பது வருசம் தேங்காய் இழுத்தது. நான் கரத்தையிலை நித்திரையாப் போனாலும் அது நேரை சந்தைக்குப் போய் நிக்கும். ஆனா ஓடாது. என்ன அடிச்சாலும் ஓடாது.”

கனகலிங்கம் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து சீவரத்தினத்துக்கு வாசித்தார். “ஒரு மாதத்திலை மாறினதோ?” என்று சீவரத்தினம் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் கனகலிங்கம் “ஓம்” என்றார்.

வீடு திரும்பும் வழியில் ஞானாம்பிகைக்கும் சொன்னார். பூட்டினது நான் என்று சீவரத்தினம் சொன்னதையும் சொன்னார்.

“அதை இவர் இருக்கேக்கை வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே,” என்றாள்.

கனகலிங்கம் அதையும் சீவரத்தினத்திடம் போய்ச் சொன்னார். வெள்ளிக்கிழமை சீவரத்தினம் அவள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். கூப்பிடவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஞானாம்பிகைதான் கண்டு, போய்ப் படலையைத் திறந்தாள்.

“வெயிலுக்கை நில்லாமல் உள்ளுக்கு வாங்கோ,” என்றாள்.