ரோக்கா முனையில் சாரதா

போர்ச்சுகல் பார்க்க வேண்டும் என்பது சாரதாவின் வெகுநாள் ஆசை. கணவர் சேனாபதி இருவருக்கும் டிக்கெட் எடுத்தார். கிளம்பும் வாரத்தில் அவரே, "ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் அந்த வாரத்துக்குத் தள்ளிப்போச்சு. நீ போயிட்டு வா, குரூப் டூர்தானே" என்றார். நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் லேப்டாப்புக்குப் பின்னால் தெரியும் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று அவள் கிளம்பிவிட்டாள்.

லிஸ்பனில் ஏறிய பஸ்ஸில் எல்லோரும் ஜோடி ஜோடியாக. அவள் பக்கத்து இருக்கையில் கைப்பைதான் இருந்தது. சிந்த்ரா மலைமேல் சிவப்பும் மஞ்சளுமாய் நின்ற அரண்மனையில், படம் எடுக்கச் சொல்லி ஆளாளுக்கு அவளிடம் போனை நீட்டினார்கள். உள்ளே படுக்கையறையில், "கட்டில் எவ்வளவு சின்னது பாருங்க" என்று தமிழில் சொல்லித் திரும்பினாள். பின்னால் நின்ற கனடாக்காரர் புரியாமல் சிரித்துவைத்தார்.

மாலையில் ரோக்கா முனை. ஐரோப்பாவின் நிலம் அங்கே செங்குத்துப் பாறையாக முடிகிறது. கீழே அலை வெள்ளையாக உடைந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே நியூ ஜெர்சி. காற்றில் நடந்து வெகுதூரம் போய்விட்டாள். திரும்பி வந்தால் பஸ் இல்லை.

கைடு போனில் மன்னிப்புக் கேட்டான். திரும்ப முடியாது, டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். கணவரை அழைத்தாள்.

"என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அய்யோ. சரி, உபர் புக் பண்ணு. நான் மீட்டிங்ல இருக்கேன். ஹோட்டல் போனதும் மெசேஜ் பண்ணிடு."

அவளுக்குப் பயம் வரவில்லை. அத்தனை பேரையும் படம் எடுத்தோமே, ஒருவருக்குக்கூட நம் இருக்கை காலி என்று தோன்றவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

சாலையோரம் வந்த உள்ளூர் பஸ்ஸில் ஏறி கஷ்காய்ஷ் என்ற கடலோர ஊரில் இறங்கினாள். வெள்ளை வீடுகள், சின்னக் கடற்கரை, மீன்பிடிப் படகுகள். சுட்ட மத்தி மீனைத் தனியாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். இரவு லிஸ்பன் ஹோட்டலுக்குத் திரும்பினாள். மறுநாள் காலை கைடு கூப்பிட்டபோது, "ஐ ஆம் நாட் கமிங்" என்று சொல்லிவிட்டுக் கடலை ஒட்டி ஓடும் ரயிலில் அதே ஊருக்குப் போனாள். மிச்ச நாட்களும் அப்படியே போயின. பேச ஆளில்லாத நாட்கள்தான். ஆனால் பார்ப்பதையெல்லாம் நின்று பார்த்தாள்.

நூவர்க் விமான நிலையத்துக்கு சேனாபதி வந்திருந்தார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஏறியதும், "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"பஸ்ல யாரும் என்னைத் தேடல. நீங்களும் தேடல."

அவர் வேகத்தைக் குறைத்து ஓரப் பாதைக்கு மாறினார். சற்று தூரம் போனபின், "அப்புறம் என்ன பண்ணின?" என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். படகுகள்வரை வந்தபோது ஆபீஸ் அழைப்பு வந்தது. "ஒரு நிமிஷம்மா" என்று எடுத்தார். அது வீட்டு வாசல்வரை நீண்டது.

பெட்டியை இறக்கும்போது அவள் சொன்னாள்: "அடுத்த வருஷம் ஸ்பெயின் போறேன்."

"தனியாவா?"

"ஆமா. வரணும்னா வாங்க."