ஏழாம் மாடிக்குப் போகாத லிஃப்ட்

மதுரை சிம்மக்கல்லில் பத்து மாடி மொத்த வியாபாரக் கட்டிடம் அது. ஏழாம் மாடி டியூஷன் சென்டரில் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகம். பத்து மணி அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒன்பது ஐம்பதுக்கு இந்துப்ரியா லிஃப்டுக்குள் நின்று ஏழை அமுக்கினாள். லிஃப்ட் அசையவில்லை. மாடிப்படி முழுக்க எவர்சில்வர் அண்டா அடுக்கியிருந்ததால் ஏறவும் வழியில்லை.

கூட நின்ற சிவக்குமாரும் அதே வேலைக்குத்தான் வந்திருந்தான். அவன் நான்கை அமுக்கினான். எட்டில் நின்றது. மூன்றுக்கு ஆறு. இரண்டுக்கு நாலு. ஒன்றுக்கு இரண்டு.

"இரண்டால பெருக்குது. நமக்கு மூணரை வேணும். அந்தப் பட்டன் இல்லையே" என்றாள் இந்துப்ரியா.

இரண்டாம் மாடியில் சுமைதூக்கும் மலைச்சாமி ஊதுபத்திப் பெட்டியோடு ஏறி, இரண்டை அமுக்கினார். லிஃப்ட் ஆறில் போய் நின்றது.

"முன்னாடி இரண்டுக்கு நாலு, இப்ப ஆறா? இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு மேடம்" என்றான் சிவக்குமார்.

"கிறுக்கு இல்ல. அப்ப ரெண்டு பேரு, இப்ப மூணு பேரு. அமுக்குற எண்ணை ஆள் கணக்கால பெருக்குது. அண்ணே, உங்களுக்கு இது தெரியாதா?"

"எனக்கு எதுக்குத் தாயி அதெல்லாம்? எங்கன நிக்குதோ அங்கன எறக்கி வச்சிட்டுப் போயிருவேன்."

மணி ஒன்பது ஐம்பத்தாறு. ஏழுக்குப் போக ஒரே ஆள் நின்று ஏழை அமுக்க வேண்டும். சிவக்குமாருக்கும் அது புரிந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்க எறங்குங்க மேடம்."

"ஏன், நீங்க எறங்குங்களேன்!"

அவன் கை ஏழின் மேல் போய் நின்றது. அப்போதுதான் இந்துப்ரியாவுக்கு இன்னொரு வழி தோன்றியது.

"அண்ணே, இங்க இன்னும் நாலு பேர் கெடைப்பாங்களா? ஏழு பேர் நின்னு ஒன்னை அமுக்கினாப் போதும்!"

மலைச்சாமி ஒரு சத்தம் கொடுத்தார். குடோனிலிருந்து பேயாண்டி, அவன் மனைவி ஜெயக்கொடி, இன்னும் இரண்டு பேர் வந்து நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். 'ஆறு பேர் மட்டும்' என்ற பலகையை ஒருவரும் பார்க்காத மாதிரி நின்றார்கள். இந்துப்ரியா ஒன்றை அமுக்கினாள். கம்பி முனகியது. லிஃப்ட் ஏழைத் தாண்டி எட்டில் போய் நின்றது.

ஒன்பது ஐம்பத்தெட்டு. பதட்டத்தில் அவள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் தலைகளை எண்ணினாள். ஏழுதான். மறுபடி எண்ணினாள். ஏழேதான். கணக்குத் தப்பா, லிஃப்ட் தப்பா?

"எட்டாவது ஆள் எங்க?" என்றாள்.

ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள். "நாலு நாளா டீ வாசமே ஆகலக்கா..."

பேயாண்டிக்கு விளங்க மூன்று நொடி ஆனது. "ஏ மாப்ளைகளா, நான் அப்பனாகப் போறேன்டா!" என்று கத்திக்கொண்டே எட்டாம் மாடியில் குதித்து ஓடினான். எங்கே ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளே ஆறு பேர், கணக்குக்கு ஏழு. இந்துப்ரியா ஒன்றை அமுக்கினாள்.

ஏழாம் மாடியில் கதவு திறந்தது. மணியடிக்கப் பத்து நொடி இருந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள்.

வேலை இந்துப்ரியாவுக்குக் கிடைத்தது. சிவக்குமாரைக் கட்டிடக்காரர்கள் அந்த லிஃப்டுக்கே ஆபரேட்டராகப் போட்டுவிட்டார்கள். ஆள் எண்ண ஒருத்தர் வேண்டுமில்லையா? புதிதாகக் கல்யாணமான பெண்கள் மட்டும் இன்றுவரை அவன் லிஃப்டில் ஏறக் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.